நாற்பது எண்ணும்வரை

எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. கின்னோ மரங்களுக்கிடையே கிளிகளின் கூச்சல் மறுபடி கேட்க ஆரம்பிக்கிறது. ஆனால் டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இறங்குவதாகத் தெரியவில்லை. எழுபதைத் தொட்டுவிட்ட வயது. வெளிர்நீலத் தலைப்பாகை வியர்வையில் கருநீலமாகியிருக்கிறது. இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உதடு மட்டும் அசைகிறது. வரப்போரம் தேநீர்க் கெட்டிலுடன் காத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 'வாஹேகுரு' என்று மனதுக்குள் நாற்பது தடவை. அவசரமே கிடையாது. நாற்பது முடிந்ததும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் ஒரு கால் தரைக்கு வரும்.

பஞ்சாபின் தென்மேற்கு மூலையில், ராஜஸ்தான் எல்லையை ஒட்டிய அபோஹர் வட்டாரம் இது. 2011-ல் ஃபெரோஸ்பூரிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட ஃபாஜில்கா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் பருத்தி பூமி. இப்போது வாய்க்கால் தண்ணீர் எட்டும் இடமெல்லாம் கின்னோ. கலிபோர்னியாவில் இரண்டு ஆரஞ்சு வகைகளைக் கலப்பினம் செய்து 1935-ல் வெளியிடப்பட்ட இந்தப் பழம், பிறந்த ஊரைவிடப் பஞ்சாபில்தான் அதிகம் கொண்டாடப்படுகிறது. டிசம்பரில் சென்னைப் பழக்கடைகளில் பளபளவென்று அடுக்கிவைத்து 'கமலா' என்று விற்கிறார்களே, அதில் பாதி இதுவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கின்னோவின் உணவு வேர்கள் மண்ணின் மேல்பரப்பிலேயே படர்பவை. களையெடுக்கிறேன் என்று கலப்பை போட்டால் வேரும் சேர்ந்து அறுபடும். அதனால் மழைக்காலத்தில் இடுப்பளவு வளரும் புல்லை உழாமல், மேலாக வெட்டிவிடுவதுதான் வழி. அதற்கான இயந்திரத்தை வட இந்தியாவில் 'ஸ்லாஷர்' என்கிறார்கள். டிராக்டரின் பின்னால் மாட்டும் ஐந்தடி அகல இரும்புப் பெட்டி. கவிழ்த்துவைத்த தாம்பாளம்போல இருக்கும். அதனடியில், சீலிங் ஃபேன் மாதிரி, ஆனால் ஃபேனுடன் ஒப்பிடவே முடியாத ஆவேசத்தில் சுழலும் கனத்த கத்திகள். டிராக்டரின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். ஸ்லாஷரின் பல்சக்கரப் பெட்டி அதை 900 சுற்றுவரை ஏற்றிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கத்தியின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. புல்லுக்குள் ஒரு கல்லோ கண்ணாடி பாட்டிலோ கிடந்தால் அது நூறு மீட்டர் தள்ளிப் போய் விழக்கூடும். நடுவில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை.

இந்த இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும் என்கிறார் பெரியவர். நிறுத்தக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆனது அதிக காலம். அதற்குக் கொடுத்த விலை அவருடையதல்ல, தம்பியுடையது.

1996 ஆகஸ்ட். அவருக்கு அப்போது 41 வயது. அப்பா காலத்திலேயே வாங்கிய 35 குதிரைத்திறன் டிராக்டர். அதில் செல்ஃப் மோட்டார் செத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் நாலு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்பினால், மாலைவரை எஞ்சினை அணைக்கமாட்டார்கள். யார் மறுபடி தள்ளுவது? ஸ்லாஷரின் முன்பக்கம் கல் தெறிக்காமலிருக்கத் தொங்கவிடும் சங்கிலித் திரையையும் கழற்றி வைத்திருந்தார்கள். ஈரப்புல் அதில் சிக்கிச் சிக்கி வேலையைக் கெடுத்தது என்பது காரணம். தம்பி வலதுபக்க மட்கார்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. பேச்சுத்துணைக்காகத்தான் ஏறியிருந்தார். இந்தியாவில் மட்கார்டில் ஆள் உட்காராத டிராக்டரைப் பார்ப்பது அபூர்வம்.

மர வரிசையின் கடைசியில் 'டிக்கி' இருந்தது. வாய்க்காலில் முறைவைத்து வரும் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பெரிய குட்டைக்கு இந்தப் பக்கம் அப்படிப் பெயர். வரிசைக்குத் திரும்பும் இடத்துக்கும் டிக்கியின் கரைக்கும் இருபதடி இடைவெளி. நூறு தடவை திரும்பிய இடம். அன்று பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு கணம் தாமதித்துவிட்டு, வழக்கம்போல கிளட்சை மிதித்தார்.

டிராக்டர் நிற்கவில்லை.

"கிளட்ச் முழுசாக உள்ளே போயிருக்கிறது. எஞ்சின் விடுபட்டுவிட்டது என்று காதுக்குத் தெரிகிறது. ஆனாலும் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி வண்டி முன்னால் போகிறது" என்று நினைவுகூர்கிறார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளப் பார்த்தார். நெம்புகோல் கல்லில் நட்டதுபோல அசையவில்லை. பிரேக்கை மிதித்தார். தோட்டத்தில் குறுகலாகத் திரும்புவதற்காக, வலது இடது சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொக்கியை எடுத்துவிட்டிருந்தார்கள். பதற்றத்தில் அவர் பாதம் விழுந்தது இடது பெடலில் மட்டும். டிராக்டர் இடதுபக்கம் வெட்டித் திரும்பியது. டிக்கியில் விழாமல் தப்பித்தது. மட்கார்டிலிருந்த தம்பி வலதுபக்கம் தூக்கி எறியப்பட்டார். வண்டி இடதுபக்கம் திரும்பினால் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்லாஷர் வலதுபக்கம் வீசும். அது தம்பி விழுந்துகிடந்த பக்கம்.

வலது பாதத்தின் முன்பாதி போயிற்று. ஜீப்பில் கிடத்தி, வழியில் கிடைத்த முதல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே உயிர் பிழைத்ததே அதிர்ஷ்டம் என்றார்கள்.

தம்பியின் மகனுக்கு அப்போது மூன்று வயது.

அடுத்த பல மாதங்களுக்கு அவர் அந்த டிராக்டரைத் தொடவில்லை. கிளட்ச் கெட்டுப்போயிருந்ததுதான் காரணம் என்று ஊரில் எல்லோரும் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. கடைசியில் அபோஹரில் ஒரு வயதான மிஸ்திரி கிளட்ச் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதில் ஒரு கோளாறும் இல்லை சர்தார்ஜி" என்றார். பிறகு பட்டறைச் சுவரில் சாக்கட்டியால் படம் போட்டார்.

அந்தப் படத்தை இன்றும் மண்ணில் குச்சியால் வரைந்துகாட்டுகிறார் பெரியவர். பழைய வகை டிராக்டர்களில் கிளட்ச் ஒன்றுதான். எஞ்சின், அதற்குப் பின் கிளட்ச், அதற்குப் பின் கியர் பெட்டி. பின்சக்கரங்களுக்கும் பி.டி.ஓ. தண்டுக்கும் சக்தி பிரிந்து போவது அந்தக் கியர் பெட்டியிலிருந்து. கிளட்சை மிதித்தால் எஞ்சின் மட்டும் அறுபடுகிறது. பி.டி.ஓ. தண்டும் பின்சக்கரங்களும் பல்லோடு பல் கோத்தபடி இருக்கின்றன. அந்தப் பக்கம் முழு வேகத்தில் சுழலும் கனத்த கத்திகள் அவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடுமா? அவற்றின் வேகம் வந்த வழியே திரும்பிப் போய், தண்டைச் சுற்றி, கியரைச் சுற்றி, சக்கரத்தைச் சுற்றுகிறது. இதுவரை டிராக்டர் ஸ்லாஷரை ஓட்டியது. இப்போது ஸ்லாஷர் டிராக்டரை ஓட்டுகிறது. பற்கள் அழுத்தத்தில் இறுகியிருப்பதால் கியரும் கழன்றுவராது.

"அப்படியானால் கிளட்ச் மேல் பழி இல்லையா?" என்று கேட்டாராம். மிஸ்திரி பதில் சொல்லாமல், மூலையில் சாத்தியிருந்த சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சக்கரம் சுற்றியது, பெடல் சும்மா நின்றது. "பெடல் சக்கரத்தைத் தள்ளலாம். சக்கரம் பெடலைத் தள்ளக்கூடாது. சைக்கிள்காரனுக்குக் கிடைத்திருக்கிற ஃப்ரீவீல் உங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்."

டிராக்டருக்கும் அப்படி ஒன்று உண்டு. ஓவர்ரன்னிங் கப்ளர் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரும்புக் குழல். பி.டி.ஓ. தண்டின் முனையில் சொருகி, அதில் ஸ்லாஷரின் தண்டை மாட்டவேண்டும். கத்தி தன்னிச்சைக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், டிராக்டரைத் தள்ளாது. அதை வாங்க அவர் லூதியானா இயந்திரச் சந்தைக்கு மூன்று முறை போனார். முதல் இரண்டு தடவையும், அப்படியொரு பொருளை யாரும் கேட்பதில்லை என்று கடைக்காரர்கள் வேறு எதையாவது விற்கப் பார்த்தார்கள். கிடைத்ததை மாட்டியபோது தண்டின் நீளம் கூடிவிட்டது. சில அங்குலம் அறுத்துக் குறைக்கவேண்டியிருந்தது. அறுக்காமல் மாட்டியிருந்தால் ஸ்லாஷரைத் தூக்கும்போது தண்டு முட்டிக்கொண்டு கியர் பெட்டியையே உடைத்திருக்கும். வாங்கியவருக்கு இதையும் சொல்ல ஆளில்லை. மிஸ்திரிதான் சொன்னார்.

இயந்திரம் விற்பவர்கள் ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதில்லை. அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் விற்கின்றன. கூடவே சுழல்கலப்பை, ஸ்லாஷர், கதிரடிக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் மாட்டப்படுகின்றன. கதிரடிக்கும் இயந்திரத்தில் மட்டும் விழிப்பு கொஞ்சம் முன்பே வந்தது. பசுமைப் புரட்சியின் கோதுமையை அடித்துத் தள்ளிய காலத்தில் பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் அது அத்தனை கைகளைத் தின்றது. மத்திய அரசு 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கதிரை ஊட்டும் வாய் 90 சென்டிமீட்டர் நீளம் இருக்கவேண்டும், கை உருளையை எட்டக்கூடாது என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. புல்வெட்டும் இயந்திரத்துக்காக அப்படி யாரும் கூச்சல் போட்டதில்லை. கூச்சல் போடுமளவுக்கு ஒரே இடத்தில் கைகால்கள் போகவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகின்றன.

பெரியவர் இயந்திரத்தை நிறுத்தும் முறை இப்போது குடும்பத்தில் பிரசித்தம். வரிசை முடிய இன்னும் முப்பதடி இருக்கும்போதே கைத்திராட்டிலைக் குறைத்துவிடுவார். கத்தியின் வேகத்தை முதலில் இறக்கவேண்டும், வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் சித்தாந்தம். நின்றதும் கியர் நியூட்ரல். பிறகு பி.டி.ஓ. நெம்புகோல். முழு வேகத்தில் இருக்கும்போது அதைப் பிடுங்கமாட்டார், எஞ்சின் முணுமுணுக்கும் நிலைக்கு வந்த பிறகுதான். ஸ்லாஷரை மெதுவாகத் தரையில் உட்காரவைப்பார். தூக்கியபடி விட்டுவைத்தால் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து அது தானாக இறங்கும், அப்போது அடியில் யார் கை இருக்குமோ. பெடல் இரண்டையும் கொக்கியால் இணைத்து, பிரேக்கை மிதித்துப் பூட்டி, அதற்குப் பிறகு எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுப்பார். சாவி சட்டைப்பையில். அதற்கப்புறம் நாற்பது 'வாஹேகுரு'.

இதில் பலருக்கு இடிப்பது எஞ்சினை அணைப்பதுதான். பாட்டரி பலவீனமாக இருக்கும், செல்ஃப் எடுக்காது, அணைத்தால் கிளம்புமோ கிளம்பாதோ. மேட்டில் நிறுத்தி உருட்டிக் கிளப்பும் வண்டிகள் எத்தனை! ஆகவே புல் சிக்கினாலும் கம்பி சுற்றினாலும் எஞ்சின் ஓட ஓடவே இறங்கிக் குனிகிறார்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் பெரியவர் முதலில் மாற்றுவது கத்தியை அல்ல, பாட்டரியை. "பாட்டரி விலை அதிகம் என்பான். ஒரு பாதத்தின் விலை எனக்குத் தெரியும்" என்கிறார். அப்படிச் சொல்லும்போது தம்பி இருக்கும் பக்கம் பார்ப்பதில்லை.

தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கை. தோட்டத்தின் கணக்கு வழக்கு அவர் கையில். கூட்டிவைத்துத் தைத்த தோல் ஷூவுடன், கைத்தடியில்லாமலே டிக்கியை ஒரு சுற்று வந்துவிடுவார். இத்தனை வருடத்தில் அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பாதி பாதம்தான் இருக்கிறது, பாதி விலைக்குக் கொடு என்றால் ஷூக் கடைக்காரன் கேட்கமாட்டேன் என்கிறான். எனக்கு அவன் மேல்தான் கோபம்" என்று சிரிக்கிறார். அண்ணன் அந்த நகைச்சுவைக்கு ஒருமுறையும் சிரித்ததில்லை.

தம்பி மகன் வளர்ந்து இப்போது தோட்டத்தை நடத்துகிறார். பெரியப்பாவைப் பஞ்சாபியில் 'தாயாஜி' என்பார்கள். மகனே என்று கூப்பிட 'புத்தர்'. இந்த வீட்டில் தாயாஜி புத்தரைத் திட்டிக்கொண்டிருப்பதைக் கேட்கும் தமிழருக்குக் கொஞ்சம் குழப்பம் வரலாம். மகன் வாங்கிய புது டிராக்டரில் பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச். வண்டி நின்றாலும் கத்தி சுற்றும், கத்தி நின்றாலும் வண்டி ஓடும், ஒன்று மற்றொன்றைத் தள்ளாது. தாயாஜியின் சடங்குகள் பழைய வண்டியோடு போகட்டும் என்பது அவர் கட்சி.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாலை. மரத்தடியில் ஓடும் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் ஒன்று ஸ்லாஷருக்குள் இழுபட்டுவிட்டது. மகன் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார். பி.டி.ஓ.வை விடுவித்தார், எஞ்சினை அணைத்தார், குதித்திறங்கினார். ஸ்லாஷர் மட்டும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய நிலையில் இருந்தது. கறுப்புக் குழாயின் முனை வெளியே தொங்கியது. தோட்டம் நிசப்தமாக இருந்தது. குனிந்து கையை நீட்டினார்.

"புத்தர்!"

ஐம்பதடி தள்ளிக் கட்டிலில் படுத்திருந்த கிழவரின் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"எல்லாம் நின்றுவிட்டது தாயாஜி. தண்டுகூட அசையவில்லை, பாருங்கள்."

"நீ பார்ப்பது தண்டு இல்லை, அதன் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறை. உள்ளே சுற்றினாலும் அது சுற்றாது. கையை எடுத்துவிட்டு அப்படியே நில். காதைக் கொடு."

மகன் நின்றார். எஞ்சின் அடங்கிய காதுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, இரும்புப் பெட்டிக்கடியிலிருந்து மெல்லிய 'வ்வ்வ்' என்ற காற்றுச் சத்தம். விசிறி நிற்கப்போகும் நேரத்துச் சத்தம்போல. அது தேய்ந்து தேய்ந்து, கடைசியில் கத்தி ஒன்று எதிலோ தட்டி நின்றது. தொங்கிக்கொண்டிருந்த குழாய் முனை அந்தத் தட்டலில் ஒருமுறை துள்ளியது.

ஸ்லாஷரை இழுக்கும் வேலை இத்தனை வருடமாக ஃப்ரீவீல் உள்ள தண்டில்தான் நடக்கிறது. டிராக்டரைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு, கத்தியைச் சுதந்திரமாக விட்டுவிடுகிறது. டிராக்டர் பக்கத்தில் பி.டி.ஓ. நின்றாலும் கத்திக்கு அந்தச் செய்தி போய்ச்சேர்வதில்லை. தாயாஜிக்கு இது சாக்கட்டிப் படத்திலேயே புரிந்திருந்தது. மகனுக்கு அன்றுதான் புரிந்தது. அவர் அன்றிரவு சாப்பாட்டின்போது அப்பாவின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா சொல்கிறார்.

சென்ற மழைக்காலத்தில் பழைய டிராக்டரை ஓட்டப் பீகாரின் பூர்ணியாவிலிருந்து ஓர் இளைஞர் வேலைக்கு வந்தார். நெல் நடவுக்கு வரும் கூட்டத்தோடு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். முதல் நாள் அவரைச் சீட்டில் உட்காரவைத்துப் பாடம் நடத்தியது தாயாஜி அல்ல, தம்பி மகன். திராட்டில், நியூட்ரல், பி.டி.ஓ., ஸ்லாஷர் கீழே, பிரேக், குமிழ், சாவி. மட்கார்டில் யாராவது ஏறினால் வண்டியை எடுக்காதே, அது நானாக இருந்தாலும் சரி என்று முடித்தார். தாயாஜி கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. கழற்றிவைத்திருந்த சங்கிலித் திரை எப்போதோ தன் இடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

மதியம் டிக்கியின் பக்கம் எஞ்சின் சத்தம் நின்றது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பெரியவரே எழுந்து நடந்தார். இளைஞர் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கை ஸ்டியரிங் மேல், பார்வை நேராக.

"என்ன பேட்டா, இறங்கவில்லையா?"

இளைஞர் முகத்தைச் சுளித்தார்.

"முப்பத்தொன்றில் இருந்தேன் பாபாஜி. நீங்கள் பேசினதில் விட்டுப்போய்விட்டது" என்றவர், மறுபடி முன்னால் திரும்பி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.